வீடு இப்பத்தான் போச்சு

தெலுங்கில் குடும்பப் பெயரை ‘இன்டிபேரு’ என்பார்கள். நேர்ப்பொருள், வீட்டுப் பெயர். ஐதராபாத்தில் வாடகைக்கு வீடு தேடிப் போகிறவரிடம் பல வாசல்களில் முதலில் கேட்கப்படுவது இந்த வீட்டுப் பெயர்தான். சொன்னால் போதும், கேட்பவர் காதில் பெரும்பாலும் அது சாதியாகவே விழும். தமிழரிடம் இந்த வழி அவ்வளவாகப் பலிப்பதில்லை. நம்மிடம் இருப்பது அப்பா பெயரின் ஒற்றை எழுத்து. அதைப் பிடித்துக்கொண்டு எந்த ஓனரும் எங்கும் போய்ச்சேர முடியாது. அதனால் சற்றுத் தயங்கிவிட்டு நேராகவே கேட்டுவிடுவார்: “மீரேமிட்லு?” நம் ஊர்த் திண்ணையில் “நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்பார்களே, அதே கேள்விதான். கொஞ்சம் நாகரிகமானவராக இருந்தால், “நான்-வெஜ் சாப்பிடுவீங்களா?” என்று சுற்றி வருவார்.

செகந்திராபாத்தில் பத்மாராவ் நகர், மாரேட்பள்ளிப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இருக்கின்றன. ஸ்கந்தகிரி முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் கேட்டுகளில் தொங்கும் டு-லெட் போர்டுகளைப் படித்துக்கொண்டே நடப்பது எனக்கு ஒரு கெட்ட பழக்கம். ‘ஃபேமிலி ஒன்லி’, ‘வெஜ் ஒன்லி’, ‘நோ பேச்சிலர்ஸ்’. முஸ்லிம்களுக்கு இல்லை என்றோ, மாலா, மாதிகா என்ற தலித் சாதியாருக்கு இல்லை என்றோ எழுதிய போர்டை நான் பார்த்ததில்லை. அதற்கு எழுத்து தேவைப்படுவதில்லை. போனில் பெயரைச் சொன்னதும் மறுமுனையில் ஒரு சிறு மௌனம். பிறகு பதில்: “இப்புடே ஐபோயிந்தண்டி.” வீடு இப்பத்தான் போச்சு. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே கேட்டில் அதே போர்டு.

இப்படி மறுப்பது சட்டப்படி குற்றமா? இதைக் கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். ஒன்று, “என் வீடு, என் இஷ்டம்.” இன்னொன்று, “அரசியல் சாசனம் எல்லாப் பாகுபாட்டையும் தடை செய்திருக்கிறதே.” இரண்டும் பாதி சரி, பாதி தவறு. எந்தப் பாதி எது என்று பிரித்துப் பார்க்க, சட்டத்தை அடுக்கடுக்காகத்தான் உரிக்க வேண்டும்.

முதலில் வாடகைச் சட்டம். ஐதராபாத் தனி மாநிலமாக இருந்த காலத்தில் 1954-இல் ஒரு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஆந்திரத்தோடு சேர்ந்த பிறகு அதன் இடத்தில் 1960-ஆம் ஆண்டுச் சட்டம். தெலங்கானா பிறந்தபோது அதுவே பெயர் மாறி இங்கே தங்கிவிட்டது. குடியிருப்பவரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது. வாடகை பாக்கி, உள்வாடகை, சொந்தத் தேவை என்று சட்டம் சொல்லும் காரணம் ஒன்று வேண்டும். நியாய வாடகை நிர்ணயிக்கக் கேட்கலாம். எல்லாம் நல்ல ஏற்பாடுதான். ஆனால் இவை அத்தனையும் ஏற்கெனவே வீட்டுக்குள் பாய் விரித்துவிட்டவருக்கு. கேட்டுக்கு வெளியே, கையில் போனோடு நிற்கிறவர் இந்தச் சட்டத்தின் கண்ணில் படவே மாட்டார். அவர் இன்னும் ‘குடியிருப்பாளர்’ ஆகவில்லை அல்லவா?

அந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் ஒரு வேடிக்கை உண்டு. வீடு காலியானால் உரிமையாளர் அதை அரசு அதிகாரிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; அரசு விரும்பினால் அதைத் தன் அலுவலகத்துக்கோ தன் ஊழியருக்கோ ஒதுக்கிக்கொள்ளலாம். தமிழ்நாட்டின் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே பிரிவு இருந்தது. பழைய ஆட்கள் பலருக்கு நினைவிருக்கும். ஆக, ‘என் வீடு, என் இஷ்டம்’ என்பதைச் சட்டம் எப்போதுமே முழுசாக ஒப்புக்கொண்டதில்லை. யாருக்கு வாடகைக்கு விட வேண்டும் என்று உரிமையாளரிடம் சொல்ல அரசுக்குக் கூச்சம் இருக்கவில்லை. அந்த அதிகாரம் தாசில்தாருக்கு வீடு பிடிக்கப் பயன்பட்டது. சாதி பார்த்துத் திருப்பி அனுப்பப்பட்டவருக்கு வீடு பிடிக்கப் பயன்படவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது அந்தச் சட்டமும் பெரும்பாலான வீடுகளைத் தொடுவதில்லை. 2005-இல் செய்த திருத்தத்தின்படி, மாநகராட்சிப் பகுதியில் மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டினால் சட்டம் பொருந்தாது. இன்றைய ஐதராபாத்தில் 3,500 ரூபாய்க்கு ஒரு ஒண்டு அறை கிடைத்தால் பெரிய காரியம். மத்திய அமைச்சரவை 2021 ஜூன் மாதம் ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டம் அட்வான்ஸை இரண்டு மாத வாடகைக்குள் கட்டிப்போடுகிறது, எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குகிறது, தகராறுக்குத் தனி நீதிமன்றம் வைக்கிறது. யாரை மறுக்கக் கூடாது என்று அதில் ஒரு வரி இல்லை. 2019 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டத்தைப் புரட்டினாலும் இதே கதைதான்.

அடுத்து அரசியல் சாசனம். 15-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் பார்த்து அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. கவனியுங்கள், அரசு. ஓனர் அரசு இல்லை. இரண்டாம் உட்பிரிவுதான் தனி மனிதர்கள்மேல் கை வைக்கிறது. கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள், பொழுதுபோக்கு இடங்கள், கிணறு, குளம், படித்துறை, சாலை. இந்த இடங்களில் எவரையும் சாதி மதம் பார்த்துத் தடுக்கக் கூடாது. பட்டியலை எத்தனை முறை படித்தாலும் வீடு என்ற சொல் அகப்படாது. தங்கும் ஹோட்டல் உண்டு, குடியிருக்கும் வீடு இல்லை.

ஒரு நூலிழை மட்டும் இருக்கிறது. 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, ‘கடை’ என்றால் என்ன என்ற கேள்வி எழுந்தது. கூலிக்குச் சேவை தருகிற எந்த இடமும் கடைதான் என்கிற விரிந்த பொருளை அம்பேத்கர் கொடுத்தார். 2011-இல் ஒரு கல்லூரிச் சேர்க்கை வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டு, தனியார் கல்விக்கூடமும் இதற்குள் வரும் என்றது. காசு வாங்கிக்கொண்டு வீடு தருவதும் அப்படிப்பட்ட சேவைதானே என்று ஒரு வக்கீல் வாதாடலாம். வாதாடத்தான் முடியும். எடுத்துக் காட்டத் தீர்ப்பு இல்லை.

அந்த விளக்கத்தைத் தந்தவருக்கு வீட்டு வாசலில் நேர்ந்ததை இங்கே விட்டுவிட்டுப் போக முடியாது. 1917-இல், கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு, பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேரப் போனார் அம்பேத்கர். தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் காலை, தடியும் கையுமாக ஒரு கும்பல் படியேறி வந்து அன்று மாலைக்குள் காலி செய்யச் சொன்னது. இந்து நண்பர், கிறிஸ்தவ நண்பர் என்று அவர் கேட்டுப் பார்த்த இருவரும் கைவிரித்தார்கள். பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலேறினார். பிற்காலத்தில் அவரே எழுதிவைத்த நினைவுக் குறிப்பு இது. பொய்ப்பெயர், நடுவில் வெளிப்பட்ட சாதி, நண்பர்களின் சாக்கு, கடைசி ரயில். நூறு வருஷத்துக்குப் பிறகும் வீடு தேடும் தலித் இளைஞர்கள் சொல்லும் கதையின் எலும்புக்கூடு இதுதான்.

அந்தச் சாசனப் பட்டியலில் விட்டுப்போன வீடு, வேறொரு சட்டத்தில் இருக்கிறது. பலருக்கு, வழக்கறிஞர்களில் சிலருக்கும்கூட, இது புதுச்செய்தியாக இருக்கும். தீண்டாமையை ஒழித்த 17-ஆம் பிரிவுக்குக் கை கால் கொடுக்க 1955-இல் வந்தது தீண்டாமைக் குற்றச் சட்டம். 1976-இல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். அதன் 4-ஆம் பிரிவு பட்டியலில் எட்டாவதாக நிற்கிறது: எந்தப் பகுதியிலும் குடியிருப்பு வீடு கட்டுவதை, வாங்குவதை, அதில் குடியிருப்பதைத் தீண்டாமை காரணமாகத் தடுத்தால் குற்றம். ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதம் வரை சிறை. நூறு ரூபாய்க்குக் குறையாமல் ஐந்நூறு வரை அபராதம். இன்னும் ஒன்று. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், செயல் தீண்டாமை காரணமாகவே நடந்தது என்று நீதிமன்றம் முதலில் கொள்ள வேண்டும். இல்லை என்று காட்டும் பொறுப்பு எதிராளிக்கு. இது 12-ஆம் பிரிவு.

ஆக, வீட்டுப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் இந்தியாவில் இல்லவே இல்லை என்பது சரியல்ல. ஒரு சாராருக்கு அறுபது எழுபது வருஷமாக இருக்கிறது. பீரோவில் இருக்கிறது. ஏன் வெளியே வரவில்லை? முதலில், தடுத்ததை நிரூபித்தால்தானே எதனால் தடுத்தார் என்ற கேள்விக்கே போக முடியும். ‘வீடு இப்பத்தான் போச்சு’ என்பது தடை மாதிரி ஒலிப்பதில்லை. வருத்தத்தோடு சொல்லும் தகவல் மாதிரி ஒலிக்கிறது. அடுத்து, வீடு தேடும் குடும்பத்துக்கு வேண்டியது மாதக் கடைசிக்குள் ஒரு கூரை. வழக்கு நம்பர் அல்ல. அவர்கள் அடுத்த கேட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

ஐதராபாத்தில் இந்தப் பீரோவுக்கு வெளியே ஒரு சொல் கேட்டது. மத்தியப் பல்கலைக்கழகத்தில் விடுதியிலிருந்து நீக்கப்பட்ட ஐந்து தலித் ஆராய்ச்சி மாணவர்கள், 2016 ஜனவரியில் வளாகத்திலேயே கூடாரம் போட்டு அதற்கு ‘வெலிவாடா’ என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் அது ஊருக்கு வெளியே தள்ளிவைத்த குடியிருப்பு, நம் சேரி. அந்த ஐவரில் ஒருவர் ரோஹித் வேமுலா. ஜனவரி 17 அன்று அவர் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு நாடு பேசியது பல விஷயம். எனக்கு மனதில் நின்றது கூடாரத்துக்கு அவர்கள் தேர்ந்த அந்தப் பெயர். படிப்பு, உதவித்தொகை, பல்கலைக்கழகம் எல்லாம் கடந்து வந்தவர்களுக்கும் இருப்பிடம் பறிபோனதும் நாக்கில் வந்தது அந்தப் பழைய சொல்தான்.

முஸ்லிமுக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டம் உதவாது. அது தீண்டாமை பற்றியது. அவர் கையில் இருப்பது ஒன்றுமில்லை. அதைவிட மோசம், 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பு எதிர்த் திசையில் நிற்கிறது. அகமதாபாத்தில் பதிவான ஜொராஸ்ட்ரியன் கூட்டுறவு வீட்டுச் சங்கம், பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்று விதி வைத்திருந்தது. ஓர் உறுப்பினர் தன் இடத்தைப் பார்சி அல்லாதவருக்கு விற்கப் பார்க்க, வழக்கு டெல்லிவரை போனது. விதி செல்லும் என்றது நீதிமன்றம். சங்கம் அமைக்கும் உரிமை உறுப்பினர்களுடையது. பொதுக்கொள்கை என்பதைச் சட்டத்துக்குள்தான் தேட வேண்டும். ஒரு மதத்தாருக்கு மட்டும் சங்கம் கூடாது என்று சட்டமன்றம் எழுதினால் ஒழிய, நாங்கள் எழுத முடியாது. சாரம் இதுதான்.

சிறிய சமூகம் ஒன்று தன் வாழ்க்கை முறையைக் காத்துக்கொள்ள ஒரு காலனி வைத்துக்கொள்வதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. சிக்கல், அந்தத் தீர்ப்பின் நிழல் விழும் இடத்தில். பார்சிக்கு உண்டு என்றால் பெரும்பான்மைச் சாதிகளுக்கு ஏன் இல்லை என்ற கேள்வியை அது மூடவில்லை. பதவிக்கும் தொழிலுக்கும் காலனி கட்டிப் பழகிய ஊர் ஐதராபாத். பேங்க் காலனி, ஜர்னலிஸ்ட் காலனி என்று பெயர்ப்பலகைகள் எல்லாத் திசையிலும் இருக்கின்றன. அவற்றில் குற்றம் காண முடியாது. ஆனால் ‘நம்ம ஆட்கள் மட்டும்’ என்று ஒரு லேஅவுட் அமைதியாக விற்றுத் தீரும்போது, அதைக் கேள்வி கேட்கச் சட்டத்தில் பிடி இல்லை என்று அந்தத் தீர்ப்பு நினைவூட்டுகிறது.

குஜராத் இன்னும் ஒரு படி போயிருக்கிறது. கலவரப் பகுதிகளில் பயந்து அடிமாட்டு விலைக்கு விற்பதைத் தடுக்க என்று 1991-இல் வந்த சட்டப்படி, அங்கே சொத்தை விற்கக் கலெக்டரின் முன் அனுமதி வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் வெவ்வேறு மதம் என்றால் அந்த அனுமதி என்ன பாடு படுத்தும் என்று விளக்க வேண்டியதில்லை. காக்க வந்த வேலியே கோடு கிழித்துவிட்டது.

ஐதராபாத்தில் அப்படிச் சட்டம் இல்லை. ஆனால் கோடு இருக்கிறது. 1978-இலும் 1990 டிசம்பரிலும் நடந்த கலவரங்களுக்குப் பிறகு, பழைய நகரிலிருந்து இந்துக் குடும்பங்கள் மூசி ஆற்றைத் தாண்டி வெளியேறின. கலந்து வாழ்ந்த பகுதிகளிலிருந்து முஸ்லிம் குடும்பங்கள் பழைய நகருக்கும் மெஹ்திபட்டணம், டோலிசௌக்கிப் பக்கமும் ஒதுங்கின. இன்று ஹைடெக் சிட்டியில் நல்ல சம்பளம் வாங்கும் முஸ்லிம் இளைஞர் டோலிசௌக்கியிலிருந்து வேலைக்குப் போவதைப் பார்த்து, “அவங்களுக்கு அவங்க ஆளுங்களோட இருக்கத்தான் பிடிக்கும்” என்று சொல்வார்கள். பிடிப்பதும் உண்டு. பள்ளிவாசல் பக்கத்தில், ஹலீம் கடை பக்கத்தில் இருப்பது யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் மாதாப்பூரில் பத்துக் கதவு சாத்தப்பட்ட பிறகு பதினோராவதாக ‘பிடித்துப்போகும்’ இடத்தை விருப்பம் என்று கணக்கெழுதுவது நியாயமா? இந்திய நகரங்களின் லட்சக்கணக்கான அண்டைப் பகுதிகளை வைத்துப் பொருளியலாளர்கள் போட்ட ஒரு கணக்கில், நகர முஸ்லிம்களில் நூற்றுக்கு 26 பேர், 80 சதவீதத்துக்கு மேல் முஸ்லிம்களே வாழும் பகுதியில் இருக்கிறார்கள். பட்டியல் சாதியாருக்கு இதே எண் 17. விருப்பமும் விரட்டலும் எத்தனைக்கு எத்தனை என்று இந்த எண் சொல்லாது. அதற்கு வேறு விதமான சோதனை வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

நடுவே இரண்டு சிறு தீவுகள். எச்.ஐ.வி. தொற்றுள்ளோருக்கான 2017-ஆம் ஆண்டுச் சட்டமும், திருநர்களுக்கான 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் ஏறத்தாழ ஒரே சொற்களில், குடியிருக்க, வாங்க, வாடகைக்கு எடுக்க உள்ள உரிமையை மறுக்கக் கூடாது என்கின்றன. ‘வாடகைக்கு எடுக்க’ என்ற சொல்லே சட்டத்துக்குள் வந்துவிட்டது. சாசனப் பட்டியலில் இல்லாத சொல். ஆனால் திருநர் சட்டத்தின் தண்டனைப் பிரிவைப் பாருங்கள். வீட்டைவிட்டோ ஊரைவிட்டோ துரத்தினால் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை. வீடு தர மறுத்தால் என்ன தண்டனை என்று அந்தப் பிரிவில் பேச்சில்லை. மறுபடியும் அதே கோணல்: உள்ளே இருப்பவரை வெளியே தள்ளுவது தெரிகிறது, வெளியே நிற்பவரைத் திருப்பி அனுப்புவது தெரியவில்லை. இதே ஐதராபாத்தில் நிஜாம் காலத்து, பசலி 1329-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, நகரில் வசிக்கும் திருநங்கையரில் சந்தேகத்துக்கு உரியவர்கள் என்று கருதியவர்களின் பெயரையும் இருப்பிடத்தையும் பதிவேட்டில் எழுதிவைக்கச் சொன்னது. பெண் உடையில் தெருவில் தென்பட்டாலே வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். தெலங்கானா உயர் நீதிமன்றம் அதை 2023 ஜூலையில்தான் ரத்து செய்தது. ஒருவரின் முகவரியைக் குற்றவாளிப் பட்டியலாகப் பார்த்த சட்டம், அவர் முகவரி தேடும் உரிமையை எழுதிய சட்டத்தோடு மூன்றரை வருடம் ஒரே ஊரில் குடித்தனம் நடத்தியிருக்கிறது.

2020 மார்ச் மாதம் எல்லாவற்றையும் தலைகீழாகக் காட்டியது. அந்த மாதம் 24-ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள்: கொரோனாவுக்குப் பயந்து வீட்டு ஓனர்கள் எங்களைக் காலி செய்யச் சொல்கிறார்கள். அன்றைக்கே டெல்லி அரசு, அப்படிச் செய்யும் ஓனர்மேல் நடவடிக்கை என்று உத்தரவு போட்டது. ஏப்ரல் 22-ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது. மருத்துவப் பணியாளரின் வாழ்விடச் சூழலைக் கெடுத்துப் பணி செய்ய விடாமல் துன்புறுத்துவதும் ‘வன்முறை’ என்று 1897-ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்ச் சட்டத்தில் சேர்த்தார்கள். மூன்று மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஐந்நூறு ரூபாயைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மருத்துவர்களுக்குக் கிடைத்தது நியாயம்தான்; அதில் பொறாமைப்பட ஒன்றுமில்லை. நான் சொல்ல வருவது வேறு. தனியார் வீட்டு விஷயத்தில் அரசு தலையிட முடியாது, நிரூபிக்க முடியாது, பண்பாடு மாற வேண்டும் என்றெல்லாம் சொல்லப்படுவது எத்தனை உறுதியான தடை? வாசலில் நிற்பவர் டாக்டராக இருந்தபோது நான்கு வாரத்தில் சட்டம் எழுதி முடித்துவிட்டார்கள்.

எய்ம்ஸ் மருத்துவர்கள் கடிதம் எழுதிய அதே வாரம் ஐதராபாத்தில் இன்னொரு காட்சி. அமீர்பேட்டை, எஸ்.ஆர். நகர், குக்கட்பள்ளி. கோச்சிங் வகுப்புக்கும் ஐ.டி. வேலைக்கும் வந்த இளைஞர்கள் நெருக்கியடித்துத் தங்கும் ஹாஸ்டல்கள் நிறைந்த பகுதி. ஊரடங்கு வந்ததும் ஹாஸ்டல்காரர்கள் காலி செய்யச் சொன்னார்கள். மார்ச் 25 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பாஸுக்கு வரிசை கட்டினார்கள். பாஸ் கிடைத்தவர்கள் ஆந்திர எல்லைக்குப் போய், கரிகபாடு சோதனைச் சாவடியில் உள்ளே விடப்படாமல் நின்றார்கள். பிறகு அரசு விழித்துக்கொண்டு, ஹாஸ்டலை மூடக் கூடாது, யாரையும் வெளியேற்றக் கூடாது, பாஸ் செல்லாது என்றது. சாதாரண நாளில் ‘நோ பேச்சிலர்ஸ்’ போர்டைப் பார்த்துவிட்டு சிரித்துக்கொண்டே போகிறோம். பேச்சிலர் என்பது சாதி இல்லை, மதம் இல்லை, கல்யாணம் ஆனால் தீர்ந்துவிடும் வியாதி என்று நினைப்பு. தனித்து வாழும் பெண்ணிடம், விவாகரத்தான பெண்ணிடம், அது தீராத வியாதியாகவும் இருக்கிறது என்பது போர்டில் எழுதப்படாத இன்னொரு விஷயம்.

இனி அந்தச் சோதனைக்கு வருகிறேன். ‘இப்பத்தான் போச்சு’ என்று கேட்டவருக்கு அது உண்மையா பொய்யா என்று தெரிய வழியே இல்லை. உண்மையாகவே வீடு போயிருக்கலாம். ஆனால் அதே ஓனருக்கு இன்னொருவர் போன் செய்தால் தெரிந்துவிடும். 2012-இல் சுகதேவ் தோரட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் டெல்லியிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் செய்தது இதைத்தான். 493 வீடுகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று போன்: ஒருவர் உயர்சாதிப் பெயர், ஒருவர் தலித் பெயர், ஒருவர் முஸ்லிம் பெயர். சம்பளம், வேலை எல்லாம் ஒன்றுபோல. உயர்சாதிப் பெயருக்கு ஒரு வாசல்கூடச் சாத்தவில்லை. தலித் பெயருக்கு நூற்றில் 18 பேர் நேராக மறுத்தார்கள், 23 பேர் கூடுதல் வாடகை மாதிரி வேறு நிபந்தனை போட்டார்கள். முஸ்லிம் பெயருக்கு மறுப்பு 31. வேறு நிபந்தனை 35. முடிவுகள் 2015-இல் அச்சாயின. ஒற்றை ஆளாக யாராலும் நிரூபிக்க முடியாததை மூன்று போன் சேர்ந்து நிரூபித்துவிட்டன.

அமெரிக்கா இந்த உத்தியை நீதிமன்றத்துக்கே கொண்டுபோனது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, அங்கே நியாய வீட்டுச் சட்டம் கையெழுத்தானது. இனம், நிறம், மதம், பிறந்த நாடு பார்த்து விற்கவோ வாடகைக்கு விடவோ மறுக்கக் கூடாது. பால், ஊனம், குழந்தை உள்ள குடும்பம் ஆகியவை பிறகு சேர்ந்தன. வர்ஜீனியாவின் ரிச்மண்டில் ஒரு நிறுவனம், கறுப்பினச் சோதனையாளரிடம் வீடு இல்லை என்றும் வெள்ளையரிடம் இருக்கிறது என்றும் சொன்னது. சோதனையாளருக்கு வீடே வேண்டாம், ஆனாலும் பொய்யான தகவல் கொடுத்ததே அவருக்குச் செய்த தீங்கு, அவர் வழக்குப் போடலாம் என்று 1982-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. இந்தியாவில் ஒரு நாள் சட்டம் வந்தால் அதில் முதலில் இருக்க வேண்டியது இதுதான் என்பேன். தண்டனை எத்தனை வருடம் என்பது இரண்டாம்பட்சம். 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லாமற்போனதும் இதுதான்.

ஆனால் அமெரிக்கச் சட்டத்தை அப்படியே பெயர்த்து நட முடியாது. அதில் ‘திருமதி மர்ஃபி’ என்று ஒரு விலக்கு. தன் வீட்டின் ஒரு பகுதியில் தானே குடியிருந்துகொண்டு மற்ற அறைகளை வாடகைக்கு விடும் ஒரு கற்பனை விதவைக்குப் பெயர் அது. நான்கு குடித்தனம் வரை உள்ள வீட்டில் ஓனரும் வசித்தால், ஆளைத் தேர்ந்தெடுக்க அவருக்கு விட்டுவிடலாம் என்றார்கள். இப்போது பத்மாராவ் நகருக்குத் திரும்பி வாருங்கள். ரிட்டையரான தம்பதி மேல்மாடியில், வாடகைக்காரர் கீழே, பக்கவாட்டில் ஒரு சின்ன போர்ஷன். தெருவே திருமதி மர்ஃபிகளால் நிறைந்தது! அந்த விலக்கைக் கொடுத்தால் சட்டம் அபார்ட்மென்ட்டுக்கு மட்டும்தான். கொடுக்காவிட்டால், ஒரே மாடிப்படியைப் பகிர்ந்துகொள்ளும் எழுபது வயதுக்காரரை நீதிமன்றத்துக்கு இழுப்பதா என்ற கேள்வி வரும், அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கும். அமெரிக்கர்கள் ஒரு நடுவழி வைத்திருக்கிறார்கள்: திருமதி மர்ஃபி ஆளைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் இன்னாருக்கு இல்லை என்று விளம்பரம் செய்யக் கூடாது. நம் ஊருக்கும் முதல் படி இதுவாக இருக்கலாம். போர்டும், இணையத்தில் வீடு தேடும் தளங்களின் விளம்பர வரிகளும், அபார்ட்மென்ட் சங்கத்தின் எழுத்து விதிகளும் மறைக்க முடியாத சாட்சியங்கள். புரோக்கர் வேறு வகை. அவர் தன் வீட்டைப் பகிரவில்லை, தொழில் செய்கிறார். “சார், ஓனருக்கு அந்த ஆளுங்க வேண்டாமாம்” என்று அவர் சொல்லும்போது எந்த விலக்கும் அவருக்குப் பொருந்தக் காரணம் இல்லை.

தடுப்பதற்குப் பதில் கலப்பதற்குச் சட்டம் செய்தவர்களும் உண்டு. சிங்கப்பூரில் 1989 மார்ச் முதல் அரசுக் குடியிருப்புகளில் ஒவ்வொரு பிளாக்கிலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் எத்தனை பங்கு என்று உச்சவரம்பு இருக்கிறது. அங்குள்ள தமிழர்களுக்கு இதன் இரு முனையும் தெரியும்: தமிழர் எல்லோரோடும் கலந்து வாழ்கிறார், ஆனால் வரம்பு நிரம்பிய பிளாக்கில் தன் வீட்டை விற்க வாங்குபவர் கிடைக்காமல் தவிக்கவும் செய்கிறார். வாடகைச் சந்தையில் ‘இந்தியர் வேண்டாம்’ என்று விளம்பர வரியைப் பார்த்துப் பழகியும் இருக்கிறார். நம்மிடம் 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் தொடங்கிய சமத்துவபுரம் உண்டு; நூறு வீடுகள், தலித்துக்கு 40, பிற்பட்டோருக்கு 25, மிகவும் பிற்பட்டோருக்கு 25, மற்றவர்க்கு 10. இரண்டிலும் வீட்டைக் கட்டியது அரசு, அதனால் பங்கிட முடிந்தது. ஐதராபாத்தின் வாடகை வீடுகளோ பெரும்பாலும் தனியார் கையில்.

முயற்சி நடக்காமல் இல்லை. முஸ்லிம்களுக்கு விரும்பிய இடத்தில் வீடு கிடைப்பதில்லை என்பதைப் பதிவு செய்த சச்சார் குழு, 2006-இல் சம வாய்ப்பு ஆணையம் ஒன்றைப் பரிந்துரைத்தது. மாதவ மேனன் தலைமையிலான நிபுணர் குழு அதற்கு 2008-இல் வரைவும் எழுதியது. தனியார்மீதும் சமத்துவக் கடமையை வைக்கும் தனிநபர் மசோதா ஒன்றை 2017 மார்ச்சில் சசி தரூர் மக்களவையில் கொண்டுவந்தார். 2019-இல் அவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது.

போன ஞாயிறு அந்த வழியாக நடந்தேன். கோயிலுக்கு இரண்டு தெரு முன்னால், பச்சை கேட்டில் ஒரு போர்டு. இந்த முறை நிபந்தனை எதுவும் எழுதவில்லை. டு-லெட், டூ பெட்ரூம், ஒரு போன் நம்பர். நம்பருக்குக் கீழே, பேனாவால் பின்னால் சேர்த்தது: பெயர் சொல்லி மெசேஜ் அனுப்பவும்.